குழந்தைகளுக்கு குடுக்கிற வலிப்பு மருந்து: சைடு எஃபெக்ட் எல்லாம் ஒரே ரகம் கிடையாது

ஒரு குழந்தைக்கு ஃபிட்ஸ் மருந்து ஆரம்பிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா போதும், சுத்தி இருக்கிறவங்க ஆளுக்கு ஒண்ணு சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. "அந்த மாத்திரை போட்டா புத்தி மந்தமாயிடும்", "கிட்னி போயிடும்", "ஒரு தடவ ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாது". இன்னொரு பக்கம் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, டாக்டர் குடுத்தா கண்ண மூடிட்டு குடு"ன்னு சொல்றவங்களும் உண்டு. ரெண்டுமே உதவாது. முதல் ஆளு பேச்ச கேட்டு மருந்த பாதில நிறுத்தினா குழந்தைக்கு ஆபத்து, ரெண்டாவது ஆளு பேச்ச கேட்டு உடம்பெல்லாம் தடிப்பு வந்தப்ப கூட "வெயில்ல ஆடியிருப்பான், சரியாயிடும்"னு விட்டா அதுவும் ஆபத்து.

நாலஞ்சு வேற வேற சமாச்சாரத்த ஒரே மூட்டையா கட்டி அதுக்கு சைடு எஃபெக்ட்னு பேரு வச்சிருக்கோம், குழப்பமே அங்கதான். முதல் வாரம் வர்ற தூக்கமும், மூணாவது வாரம் வர்ற தடிப்பும், ரெண்டு வருஷம் கழிச்சு தெரியுற எலும்பு பலவீனமும் ஒண்ணு கிடையாது. வர்ற காரணம் வேற, வர்ற நேரம் வேற, அதுக்கு நாம செய்ய வேண்டியதும் வேற. அதத்தான் இங்க பிரிச்சு பாக்கப் போறோம்.

முதல்ல, வலிப்புன்னா மூளைல என்ன நடக்குது

நூறு பசங்க இருக்கிற ஒரு வகுப்பறைய நினைச்சுக்கோங்க. சாதாரணமா ஒருத்தன் கேள்வி கேப்பான், இன்னொருத்தன் பதில் சொல்வான், ஓரத்துல ரெண்டு பேரு கிசுகிசுப்பாங்க, ஆனா பாடம் நடக்கும். திடீர்னு ஒரு மூலைல நாலு பேரு ஒரே குரல்ல கத்த ஆரம்பிச்சு, பக்கத்து பெஞ்ச் சேர்ந்து, கடைசில மொத்த வகுப்பும் ஒரே தாளத்துல கத்தினா? அந்த நேரத்துல பாடமும் நடக்காது, யாரு என்ன சொல்றாங்கன்னும் புரியாது.

மூளைல இருக்கிற நரம்பு செல்லுக்கு நியூரான்னு பேரு. ஒரு நியூரான் இன்னொண்ணுகிட்ட பேசுறது சின்ன மின்சார சிக்னல் வழியா. கோடிக்கணக்கான நியூரான் தனித்தனியா, அதது வேலைக்கு ஏத்த மாதிரி பேசிட்டு இருக்கிற வரைக்கும் எல்லாம் சரி. ஒரு கூட்டம் நியூரான் ஒரே நேரத்துல, அளவுக்கு மீறி சிக்னல் அனுப்பினா அதுதான் வலிப்பு, ஃபிட்ஸ்னு சொல்றது. அந்த கத்தல் ஒரு மூலையிலேயே நின்னுட்டா ஒரு கை மட்டும் வெட்டி இழுக்கலாம், இல்ல குழந்தை சில நொடி வெறிச்சு பாத்துட்டு திரும்ப பழையபடி ஆகலாம். மொத்த மூளைக்கும் பரவினா நினைவு தப்பி கை கால் எல்லாம் இழுக்கும்.

காய்ச்சல், தலைல அடி, ரத்தத்துல சர்க்கரை குறையறது மாதிரி உடனடி காரணம் எதுவும் இல்லாம வலிப்பு திரும்பத் திரும்ப வர்ற தன்மைக்குத்தான் எபிலெப்சின்னு பேரு. காய்ச்சல்ல மட்டும் வர்ற ஃபிட்ஸ் இதுல சேராது, அதுக்கு பெரும்பாலும் தினசரி மருந்தும் தேவைப்படாது.

மருந்து போய் என்ன பண்ணுது

வகுப்புக்குள்ள டீச்சர் வந்து "சத்தம் போடாதீங்க"ன்னு சொன்னா கத்துறவன் மட்டுமா அடங்குவான்? டவுட் கேக்க எந்திரிச்சவனும் உக்காந்திடுவான். மருந்துக்கும் அதே சிக்கல்தான். எந்த நியூரான் தப்பா கத்துது, எது உருப்படியா வேலை பாக்குதுன்னு மருந்துக்கு முழுசா பிரிச்சு பாக்கத் தெரியாது.

மருந்துங்க இத பல வழியில செய்யுது. நியூரான் மேல சோடியம் சேனல்னு நுண்ணிய துளைங்க இருக்கு, அது வழியா சோடியம் உள்ள பாஞ்சாதான் சிக்னல் கிளம்பும். ஃபெனிடாயின், கார்பமசெபின், லாமோட்ரிஜின் எல்லாம் அந்த துளைய வேகவேகமா திரும்பத் திரும்ப திறக்க விடாம தடுக்குது. நல்ல விஷயம் என்னன்னா, அளவுக்கு மீறி கத்துற நியூரான்லதான் இந்த தடுப்பு அதிகமா விழும், நிதானமா பேசுறத ஓரளவு விட்டு வைக்கும். அதனாலதான் இந்த மருந்து போட்ட பசங்க ஸ்கூலுக்கு போய் விளையாடிட்டு வர முடியுது.

இன்னொரு ரகம், காபாங்கிற ஒரு ரசாயனத்தோட வேலைய கூட்டும். நியூரான அமைதிப்படுத்த மூளையே சுரக்கிற பொருள் காபா. ஃபீனோபார்பிட்டோன், குளோபசாம் இந்த வழி. இது கொஞ்சம் பொத்தாம்பொதுவான அமைதி, அதனால தூக்கமும் கூடவே வரும். லெவெடிரசிடாம் இது ரெண்டுலயும் சேராம, நியூரான் ரசாயனத்த வெளிய விடுற இடத்துல போய் ஒட்டிக்கிது. வால்ப்ரோயேட் ஒரே ஆளா பல வேலை பாக்கும், அதனாலதான் பல வகை வலிப்புக்கும் கேக்குது.

இது வரைக்கும் பாத்தத சுருக்கமா சொன்னா: வலிப்புன்னா நியூரான்கள் ஒண்ணா சேர்ந்து கத்துறது, மருந்து அந்த கத்தல குறைக்குது, குறைக்கும்போது தேவையான பேச்சும் கொஞ்சம் குறையுது. இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும், இந்த மருந்து வலிப்பு வராம தடுக்குமே தவிர அதுக்கு பின்னாடி இருக்கிற காரணத்த அழிக்காது. அதனாலதான் "ரெண்டு மாசமா ஃபிட்ஸே இல்லையே, எதுக்கு இன்னும் மாத்திரை"ங்கிற கேள்வி தப்பான கேள்வி. மாத்திரை போடுறதாலதான் இல்ல.

அளவோட சம்பந்தப்பட்டது: தூக்கம், தள்ளாட்டம், ரெண்டு ரெண்டா தெரியறது

அதிகமா பாக்கிற சைடு எஃபெக்ட் இந்த வகைதான். குழந்தை சோந்து போய் கிடக்கும், தலை சுத்துதுன்னு சொல்லும், நடை தள்ளாடும், எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுதுன்னு சொல்லும், வயித்த பிரட்டும். எல்லாமே மருந்து தன் வேலைய கொஞ்சம் அதிகமா பாத்ததோட விளைவு. டோஸ் கூடினா கூடும், குறைச்சா குறையும். பெரும்பாலும் ஆரம்பத்துலயும், டோஸ் ஏத்தின சில நாள்லயும் அதிகமா இருந்துட்டு, மூளை பழகப் பழக குறையும். அதனாலதான் பெரும்பாலான மருந்த டாக்டருங்க ஒரேயடியா முழு டோஸ்ல ஆரம்பிக்காம சின்ன அளவுல ஆரம்பிச்சு வாரக்கணக்குல ஏத்துறாங்க, இதுக்கு டைட்ரேஷன்னு பேரு. "ஒரு மாசமா மருந்து குடுக்கிறோம் இன்னும் ஃபிட்ஸ் நிக்கலையே"ன்னு பதறுற பல வீட்ல உண்மைல குழந்தை இன்னும் முழு டோஸுக்கே வந்திருக்காது.

இங்க ஹாஃப் லைஃப்ங்கிற ஒரு விஷயம் புரிஞ்சா பாதி குழப்பம் தீந்திடும். ரத்தத்துல இருக்கிற மருந்து பாதியா குறைய எடுத்துக்கிற நேரம்தான் ஹாஃப் லைஃப். ஒரே டோஸ தொடர்ந்து குடுத்துட்டு வந்தா, சுமார் அஞ்சு ஹாஃப் லைஃப் போன பிறகுதான் ரத்தத்துல அளவு ஒரு நிலைக்கு வரும். லெவெடிரசிடாமுக்கு குழந்தைங்க உடம்புல இது சில மணி நேரம்தான், அதனால ஓரிரு நாள்லயே நிலைக்கு வந்திடும். ஃபீனோபார்பிட்டோனுக்கு இது நாள் கணக்கு, நிலைக்கு வரவே ரெண்டு மூணு வாரம் ஆகலாம். அதாவது திங்கக்கிழமை டோஸ் ஏத்தி புதன்கிழமை "ஒண்ணும் தெரியல, நல்லாத்தான் இருக்கான்"னு முடிவு பண்ணக்கூடாது, தூக்கம் அடுத்த வாரம் வந்து நிக்கும், அப்ப "புதுசா என்னவோ ஆயிடுச்சு"ன்னு பயப்படுவோம்.

நேரத்தையும் கவனிங்க. மாத்திரை போட்டு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல மட்டும் தலை சுத்தி, பிறகு தெளிஞ்சிடுதுன்னா, ரத்தத்துல மருந்து உச்சத்துக்கு போற நேரம் அது. இதுக்கு மருந்தையே மாத்த வேண்டியதில்ல, அதே அளவ பிரிச்சு குடுத்தா, இல்ல மெதுவா கரையற வகை மாத்திரைக்கு மாறினா பல நேரம் சரியாகும். அந்த மெதுவா கரையற மாத்திரைய பொடி பண்ணி குடுத்தா ஒரேயடியா கரைஞ்சிடும், பாட்டில்ல போட்டிருக்கிறத படிக்காம பொடி பண்ணாதீங்க. சிரப்பா இருந்தா சமையல் கரண்டில அளக்காதீங்க, சிரிஞ்சுல அளங்க. ஃபெனிடாயின் சிரப் மாதிரி அடில படியற மருந்த நல்லா குலுக்காம குடுத்தா முதல் வாரம் தண்ணி மாதிரி கம்மியா போகும், கடைசி வாரம் அடில இருக்கிற கெட்டியான மருந்து மொத்தமா போகும். "மருந்து ஒத்துக்கல"ன்னு வர்றதுல ஒரு பங்கு இப்படி அளவுல நடக்கிற குளறுபடிதான்னு நான் நினைக்கிறேன்.

ஃபெனிடாயின்ல இன்னொரு பொறி உண்டு. அத உடைக்கிற கல்லீரல் வேலைக்கு ஒரு எல்லை இருக்கு, அந்த எல்லைய தொட்ட பிறகு டோஸ கொஞ்சூண்டு கூட்டினா கூட ரத்தத்துல அளவு தாறுமாறா ஏறிடும். நேத்து வரைக்கும் நல்லா நடந்த குழந்தை சின்ன டோஸ் மாத்தத்துக்கு பிறகு தள்ளாடுதுன்னா காரணம் இதுவா இருக்கலாம், ரத்த அளவு பாத்தா தெரிஞ்சிடும்.

குழந்தைங்கன்னா ஏன் தனி கணக்கு

குழந்தைய சின்ன சைஸ் பெரியவங்கன்னு நினைக்க முடியாது. பிறந்த குழந்தையோட கல்லீரலும் கிட்னியும் இன்னும் முழுசா தயாராகாததால மருந்து மெதுவாத்தான் வெளியேறும். ஆனா ஒரு வயசு தாண்டின பிறகு நிலைமை தலைகீழ், எடைக்கு எடை பாத்தா பெரியவங்கள விட குழந்தைங்க உடம்பு பல மருந்த வேகமா உடைச்சு வெளியேத்திடும். அதனால ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம்னு கணக்கு போட்டா குழந்தைக்கு வர்ற அளவு பெரியவங்கள விட கூடவே இருக்கும். "இவ்ளோ சின்ன பையனுக்கு இவ்ளோ டோஸா"ன்னு நாமளே குறைச்சு குடுக்கிற வேலை இங்கதான் நடக்கும், செய்யாதீங்க. எடை ஏற ஏற அதே டோஸ் பத்தாமயும் போகும்.

அதோட குழந்தைக்கு தனக்கு என்ன ஆகுதுன்னு சொல்லத் தெரியாது. ரெண்டு ரெண்டா தெரியுதுன்னு மூணு வயசு குழந்தை சொல்லாது, ஒரு கண்ண மூடிட்டு பாக்கும், படியில இறங்க பயப்படும், பொம்மைய எடுக்கும்போது குறி தப்பும். வயித்துப் பிரட்டல் சாப்பாட்டு அடமா தெரியும். பேச்சுல வராதது நடத்தைல வரும்னு வச்சுக்கோங்க.

அளவோட சம்பந்தமே இல்லாதது: தடிப்பும் கல்லீரலும்

இந்த வகைதான் அபூர்வம், ஆனா இதுதான் அவசரம். இது மருந்து தன் வேலைய அதிகமா பாத்ததால வர்றதில்ல, அந்த ஒரு குழந்தையோட உடம்பு, பெரும்பாலும் நோய் எதிர்ப்பு சக்தி, அந்த மருந்த எதிரியா பாக்கிறதால வர்றது. சின்ன டோஸ்லயே வரும், பழகப் பழக குறையாது, தொடர்ந்து குடுத்தா மோசமாகும்.

லாமோட்ரிஜின், கார்பமசெபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன் இதெல்லாம் தடிப்பு வரக்கூடிய மருந்துங்க. பெரும்பாலும் முதல் ரெண்டு மாசத்துக்குள்ள வரும். வர்ற தடிப்புல பாதிக்கு மேல சாதாரணமானதுதான், ஆனா எது சாதாரணம்னு வீட்ல உக்காந்து நாம முடிவு பண்ண முடியாது, அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டணும். தடிப்போட காய்ச்சல், வாய்ப்புண், கண்ணு செவந்து எரியறது, தோல் கொப்புளமா உரியறது, முகம் வீங்கறது, கழுத்துல நெறி கட்டறது இதுல எது சேர்ந்தாலும் நேரா எமர்ஜென்சிக்கு போகணும். ஸ்டீவன்ஸ் ஜான்சன் சிண்ட்ரோம்னு சொல்றது இதத்தான், தோலும் வாய் கண்ணு உள்பக்கமும் உரிஞ்சு போற கடுமையான எதிர்வினை, உயிருக்கே ஆபத்தாகலாம்.

லாமோட்ரிஜின ஏன் அவ்ளோ மெதுவா, வாரம் வாரமா எறும்பு மாதிரி ஏத்துறாங்கன்னா, வேகமா ஏத்தினா இந்த தடிப்பு வர்ற வாய்ப்பு கூடுது, பெரியவங்கள விட குழந்தைங்களுக்கு இன்னும் கூட. கூடவே வால்ப்ரோயேட் போட்டா லாமோட்ரிஜின் உடம்புல ஏறக்குறைய ரெண்டு மடங்கு நேரம் தங்கும், அப்ப இன்னும் மெதுவா ஏத்தணும். சில நாள் லாமோட்ரிஜின் விட்டுப்போச்சுன்னா பழைய முழு டோஸ்லயே திரும்ப ஆரம்பிக்காதீங்க, முதல்ல ஃபோன் பண்ணி கேளுங்க, திரும்ப அடியிலேருந்து ஏத்த வேண்டியிருக்கலாம்.

கார்பமசெபினுக்கு இன்னொரு விஷயம் தெரியும். எச்எல்ஏ-பி 1502ங்கிற ஒரு மரபணு வகை இருக்கிறவங்களுக்கு இந்த தோல் எதிர்வினை வர்ற ஆபத்து ரொம்ப கூடுதல், அது ஆசிய வம்சாவளி மக்கள்ல அதிகமா பாக்கப்படுது. 2007-லயே அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு அந்த வம்சாவளி உள்ளவங்களுக்கு மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட் பண்ணச் சொல்லிச்சு. டாக்டர்கிட்ட கேக்கிறதுல தப்பே இல்ல.

வால்ப்ரோயேட்ல கவனிக்க வேண்டியது கல்லீரல். ரெண்டு வயசுக்கு கீழ இருக்கிற, ஒண்ணுக்கு மேல வலிப்பு மருந்து எடுக்கிற, இல்ல மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள்ள சக்தி தயாரிக்கிற பகுதி) சம்பந்தமான பிறவிக் கோளாறு இருக்கிற குழந்தைங்களுக்குத்தான் ஆபத்து அதிகம், அதுவும் பெரும்பாலும் முதல் ஆறு மாசத்துல. விடாம வாந்தி, சாப்பாடே வேணாங்கிறது, வழக்கத்துக்கு மாறா சுருண்டு கிடக்கிறது, கண்ணு மஞ்சளாகறது, நின்னிருந்த ஃபிட்ஸ் திரும்ப ஆரம்பிக்கிறது, இதெல்லாம் அறிகுறி. கடுமையான வயித்து வலியோட வாந்தி வந்தா கணையத்துல வீக்கமா இருக்கலாம், அதுவும் காத்திருக்கிற விஷயம் இல்ல. ரெகுலரா எடுக்கிற ரத்த டெஸ்ட்ல எல்லாம் முன்கூட்டியே தெரிஞ்சிடும்னு நம்பி உக்காராதீங்க, ரெண்டு டெஸ்ட்டுக்கு நடுவுலயும் வரலாம், கண்ணால பாக்கிற இந்த அறிகுறிதான் பெரும்பாலும் முதல்ல சொல்லும்.

இந்த பகுதில எடுத்துக்க வேண்டியது: தூக்கம், தலை சுத்தல்னா டாக்டர்கிட்ட பேசி டோஸ சரிபண்ணலாம், அவகாசம் இருக்கு. தடிப்பு, மஞ்சள், விடாத வாந்தின்னா அவகாசம் இல்ல.

கோவம், அடம், அழுகை

லெவெடிரசிடாம் இப்ப ரொம்ப பரவலா குடுக்கிறாங்க, நியாயமான காரணம் இருக்கு, கல்லீரல தொந்தரவு பண்றது குறைவு, மத்த மருந்தோட மோதுறதும் குறைவு, சீக்கிரம் டோஸ் ஏத்தலாம். ஆனா சில பசங்களுக்கு எரிச்சல், கோவம், அடிக்கிறது, தூக்கமில்லாம கத்துறதுன்னு ஆளே மாறிடுவாங்க. இத பல வீட்ல "செல்லம் குடுத்து கெடுத்துட்டீங்க"ன்னு அம்மா தலைல கட்டிடுவாங்க. மருந்து ஆரம்பிச்ச தேதியும் கோவம் ஆரம்பிச்ச தேதியும் பக்கத்துல பக்கத்துல இருந்தா அது வளர்ப்பு இல்ல, மருந்து. டோஸ் குறைக்கிறது, மெதுவா ஏத்துறது, வேற மருந்துக்கு மாத்துறதுன்னு வழி இருக்கு. சில டாக்டருங்க வைட்டமின் பி6 சேத்து குடுத்து பாப்பாங்க, அதுக்கான ஆதாரம் இன்னும் வலுவா இல்ல, ஆனாலும் சிலர் முயற்சி பண்றாங்க.

ஃபீனோபார்பிட்டோன்ல வேடிக்கை என்னன்னா, தூக்க மருந்து மாதிரி வேலை செய்யற அது சில குழந்தைங்கள தூங்க வைக்காம ஓட வைக்கும், ஒரு இடத்துல நிக்காத துறுதுறுப்பு வரும். குளோபசாம்லயும் சிலருக்கு இதே கதை, கூடவே எச்சில் ஒழுகறதும் உண்டு. வளர்ந்த பிள்ளைங்க சோகமா ஒதுங்குறது, சாகணும்னு பேசுறது மாதிரி இருந்தா அத நடிப்புன்னு தள்ளாம அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லணும், எந்த வலிப்பு மருந்தா இருந்தாலும் சரி.

புத்தி மந்தமாயிடுமா?

எல்லாரும் பயப்படுறது இதுக்குத்தான், அதனால கொஞ்சம் நிதானமா பாப்போம். பயத்துல உண்மையே இல்லன்னு சொல்ல மாட்டேன். 1990-ல வெளியான ஒரு ஆய்வுல, காய்ச்சல் வலிப்பு வந்த சின்ன குழந்தைங்கள்ல ஒரு பகுதிக்கு ஃபீனோபார்பிட்டோனும் இன்னொரு பகுதிக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையும் குடுத்து பாத்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஃபீனோபார்பிட்டோன் கூட்டத்தோட சராசரி ஐக்யூ சுமார் 8 புள்ளி குறைவா இருந்துச்சு. காய்ச்சல் வலிப்புக்கு அந்த மருந்த தினமும் குடுக்கிற வழக்கம் குறைஞ்சதுக்கு இதுவும் ஒரு காரணம். டோபிரமேட்டும் இப்படி சந்தேகப்பட வேண்டிய ஆள்தான், வார்த்தை வாய் வரைக்கும் வந்து வராம போறது, யோசிக்க நேரம் எடுக்கிறதுன்னு சில பசங்களுக்கு வரும், டோஸ் குறைச்சா பெரும்பாலும் சரியாகும்.

ஆனா கதையோட மறுபாதிய யாரும் சொல்றதில்ல. ஆப்சன்ஸ் எபிலெப்சின்னு ஒண்ணு, குழந்தை சில நொடி வெறிச்சு பாக்கும், ஒரு நாளைக்கு பல தடவ வரும். 2010-ல வெளியான ஒரு பெரிய ஆய்வுல இந்த வகை இருக்கிற 450-க்கும் மேல பசங்கள எடுத்து மூணு மருந்த ஒப்பிட்டாங்க. ஈத்தோசக்சிமைடும் வால்ப்ரோயேட்டும் வலிப்ப நிறுத்துறதுல ஏறக்குறைய சமம், லாமோட்ரிஜின் பின்தங்கிடுச்சு. கவனக் குறைவு மட்டும் வால்ப்ரோயேட் எடுத்தவங்ககிட்ட 49 சதவீதம், ஈத்தோசக்சிமைட் எடுத்தவங்ககிட்ட 33 சதவீதம். அதாவது எந்த மருந்துங்கிறது முக்கியம். ஆனா அதே பசங்கள மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சோதிச்சப்ப மூணுல ஒரு பங்குக்கு மேல ஏற்கனவே கவனப் பிரச்சனை இருந்துச்சு! நோயே கவனத்த தின்னுது, பழி மாத்திரை மேல விழுது.

வலிப்பு கட்டுப்படாம இருந்தா அதுவே படிப்ப, தூக்கத்த, நினைவாற்றல கெடுக்கும். அதனால "மாத்திரை போட்டா மந்தமாகுமா"ன்னு மட்டும் கேக்காம, மருந்துக்கு முன்னாடி எப்படி இருந்தான், இப்ப எப்படி இருக்கான்னு ஒப்பிட ஏதாவது கைல இருக்கணும். மருந்து ஆரம்பிக்கும்போதே ஸ்கூல் டீச்சர்கிட்ட ரெண்டு வரி எழுதி வாங்கி வச்சுக்கிறது ஆறு மாசம் கழிச்சு தங்கம் மாதிரி உதவும்.

மெதுவா வந்து சேர்றது

சிலது மாசக்கணக்குல, வருஷக்கணக்குலதான் தெரியும். ஃபெனிடாயின்ல ஈறு தடிச்சு பல்லு மேல வளரும், தேவையில்லாத இடத்துல முடி வளரும். பல்ல ஒழுங்கா தேச்சு, பல் டாக்டர்கிட்ட காட்டிட்டு இருந்தா ஈறு பிரச்சனை குறையும். ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன், கார்பமசெபின் மூணும் கல்லீரலோட உடைக்கிற வேகத்த கூட்டி விடும், அதுல வைட்டமின் டியும் சீக்கிரம் உடைஞ்சு எலும்பு பலவீனமாகலாம், வால்ப்ரோயேட்டும் எலும்புக்கு நல்லது கிடையாது. வருஷக்கணக்குல மருந்து எடுக்கிற குழந்தைக்கு வைட்டமின் டி அளவு பாத்தீங்களான்னு கேட்டு வைங்க.

வால்ப்ரோயேட்ல பசி கூடி எடை ஏறும், முடி கொட்டும், கை நடுங்கும். டோபிரமேட்ல நேர் எதிர், பசியே இருக்காது, எடை குறையும், கிட்னில கல்லு வரலாம், தண்ணி நல்லா குடிக்க வைக்கணும். "வலிப்பு மருந்து போட்டா கிட்னி போயிடும்"ங்கிற பேச்சுக்கு கிட்டத்தட்ட ஏதாவது அடிப்படை இருக்குன்னா இந்த கல்லு சமாச்சாரம்தான், மத்தபடி பெரும்பாலான வலிப்பு மருந்து கிட்னிய கெடுக்கிறதில்ல. டோபிரமேட், சோனிசமைட் ரெண்டுலயும் குழந்தைக்கு வேர்வை குறையலாம், வேர்க்கலன்னா உடம்பு சூடு இறங்காது, வெயில்ல ஆடினா காரணமே இல்லாம காய்ச்சல் மாதிரி கொதிக்கும்.

கைக்குழந்தைங்களுக்கு வர்ற இன்ஃபன்டைல் ஸ்பாசம்ங்கிற கடுமையான வகைக்கு விகாபட்ரின் குடுப்பாங்க. பார்வையோட ஓரப்பகுதிய அது நிரந்தரமா குறைச்சிடலாம், நிறுத்தினாலும் திரும்ப வராது. அப்புறம் ஏன் குடுக்கிறாங்க? கட்டுப்படுத்தாம விட்டா அந்த வலிப்பு குழந்தையோட மொத்த வளர்ச்சியையே நிறுத்திடும். அதனால குடுக்கிற காலத்த முடிஞ்ச வரை குறுக்கி, கண்ணு டெஸ்ட் பண்ணிட்டே குடுப்பாங்க.

பெண் குழந்தைன்னா வால்ப்ரோயேட் பத்தி ஒரு பேச்சு வயசுக்கு வர்றதுக்கு முன்னாடியே டாக்டரோட நடந்திடணும். கர்ப்ப காலத்துல அத எடுத்தா பிறக்கிற குழந்தைக்கு உடல் குறைபாடு வர்ற வாய்ப்பு நூத்துக்கு பத்து அளவு, வளர்ச்சி பிரச்சனை அதவிட கூடுதல். "இப்பதான ஒம்போது வயசு"ன்னு தள்ளிப் போட்டா, மருந்து நல்லா கேட்டு பழகின பிறகு மாத்துறது இன்னும் கஷ்டமாயிடும்.

வேற மருந்து சேரும்போது

சளி காய்ச்சல்னு பக்கத்துல ஒரு டாக்டர்கிட்ட போனா, வலிப்பு மருந்தோட பேர கட்டாயம் சொல்லுங்க. கார்பமசெபின் எடுக்கிற குழந்தைக்கு எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் குடுத்தா கார்பமசெபின் உடம்புல தேங்கி ரெண்டு நாள்ல குழந்தை தள்ளாட ஆரம்பிக்கும். வலிப்பு வகைக்கு பொருந்தாத மருந்தும் உண்டு, கார்பமசெபின் சில வகைய, முக்கியமா அந்த வெறிச்சு பாக்கிற வகைய, கூட்டியே விடும். மருந்து ஆரம்பிச்ச பிறகு ஃபிட்ஸ் அதிகமானா "டோஸ் பத்தல"ன்னு மட்டும் நினைக்க வேணாம்.

மருந்து பெட்டிக்குள்ள வர்ற அந்த நீள காகிதம்

அத படிச்சா யாருக்கும் தூக்கம் வராது. படிக்கிற முறை ஒண்ணு இருக்கு: "மிகப் பொதுவானது"ன்னா பத்துல ஒருத்தருக்கோ அதுக்கு மேலயோ, "பொதுவானது"ன்னா நூறுல ஒண்ணுலேருந்து பத்துல ஒண்ணு வரைக்கும், "அபூர்வம்"னா ஆயிரத்துல ஒருத்தருக்கும் கீழ. அதோட ஆய்வு நடந்தப்ப வெறும் மாத்திரை எடுத்தவங்க கூட தூக்கம், தலைவலின்னு சொல்லியிருப்பாங்க. பட்டியல் நீளத்த பாத்து பயப்படாம, உங்க குழந்தையோட மருந்துக்கு எமர்ஜென்சி அறிகுறி எதெதுன்னு டாக்டர்கிட்ட கேட்டு ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வைங்க, மீதி காகிதத்த மடிச்சு வச்சிடலாம்.

அப்புறம் ஒரு நோட்டு. என்ன நடந்துச்சு, எத்தன மணிக்கு, கடைசி டோஸ் எப்ப, டோஸ் எப்ப மாத்தினாங்க, இது போதும். ஃபிட்ஸ மொபைல்ல வீடியோ எடுத்து வச்சா இன்னும் நல்லது. "கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்கான்"ங்கிறத வச்சு எந்த நியூராலஜிஸ்டாலயும் ஒண்ணும் பண்ண முடியாது, "காலை டோஸ் குடுத்து ஒரு மணி நேரத்துல தலை சுத்துது, பதினோரு மணிக்கு சரியாயிடுது"ன்னு சொன்னா அங்கேயே விடை இருக்கு. முதல் மருந்துலயே ஏறக்குறைய பாதி பேருக்கு வலிப்பு கட்டுப்படுது, ஒத்துக்கலன்னா மாத்த இருபதுக்கும் மேல மருந்து இருக்கு, அதனால ஒத்துக்காத ஒண்ண பல்ல கடிச்சுட்டு குடுத்துட்டே இருக்கணும்னு கிடையாது.

நிறுத்துறது எப்ப, எப்படி

திடீர்னு நிறுத்தினா என்ன ஆகும்? அமைதிக்கு பழகின மூளைல திடீர்னு அமைதிப்படுத்துற ஆளு இல்லாம போனா முன்ன விட கடுமையா வலிப்பு வரலாம், நிக்காமயும் வரலாம். அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஒரு வலிப்பு நீடிச்சா அது எமர்ஜென்சி. ஃபீனோபார்பிட்டோன், குளோபசாம் மாதிரி காபா வழி மருந்துலதான் இந்த ஆபத்து ரொம்ப கூடுதல், அத குறைக்கும்போது மத்தத விட இன்னும் மெதுவா குறைப்பாங்க. ஊருக்கு கிளம்பும்போது மருந்து தீந்துபோச்சுன்னு ரெண்டு நாள் விடுறதும் இதே கணக்குலதான் வரும்.

கடுமையான தடிப்பு மாதிரி எதிர்வினை வந்தா மட்டும் உடனே நிறுத்த வேண்டியிருக்கும், அதுவும் டாக்டர் சொல்லி, பெரும்பாலும் வேற மருந்த பாதுகாப்புக்கு உடனே ஆரம்பிச்சுட்டு.

ஆயுசுக்கும் போடணுமான்னா, பல குழந்தைங்களுக்கு தேவையில்ல. ரெண்டு வருஷம் போல வலிப்பே வராம இருந்தா, வலிப்போட வகை, இஇஜி (மூளையோட மின்சார சிக்னல பதிவு பண்ற டெஸ்ட்), ஸ்கேன் எல்லாத்தையும் பாத்துட்டு வாரக்கணக்குல, மாசக்கணக்குல டோஸ கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு நிறுத்திப் பாப்பாங்க. சில வகை, உதாரணமா டீன் ஏஜ்ல ஆரம்பிக்கிற ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி, நிறுத்தினா திரும்ப வர்றது அதிகம், அதுக்கு நீண்ட காலம் தேவைப்படும். குறைக்கிற மாசங்கள்லயும் நிறுத்தின முதல் வருஷத்துலயும்தான் திரும்ப வர்ற வாய்ப்பு அதிகம், அதனால அந்த நேரத்துல குழந்தைய தனியா நீச்சலுக்கு அனுப்புறது, உயரத்துல ஏற விடுறது வேணாம், எமர்ஜென்சிக்கு குடுக்கிற மிடசோலாம் ஸ்ப்ரே எழுதிக் குடுத்திருந்தா அதோட காலாவதி தேதிய ஒரு தடவ பாத்துட்டு பைல போட்டு வச்சுக்கோங்க.